பாதி வீட்டுக்குப் பச்சை

ஏணியின் ஐந்தாவது படியில் நிற்கும்போது என் வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. மேலே ஏறவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. பெயிண்ட் வாளி ஏணியில் ஒரு கம்பிக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் பிரஷ். இன்னொரு கையால் ஏணியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

கீழே என் ஓரகத்தி கோமதி, அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி, ஏணியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மெதுவா எறங்குங்க."

"எறங்க முடிஞ்சா எறங்கமாட்டேனாட்டி? முட்டு பூட்டிக்கிட்டு."

"அய்யய்யோ. இப்ப என்ன செய்ய?"

"நீ ஏணிய விடாம இரு. அது போதும்."

சனிக்கிழமை காலை. விட்டிருந்த சாரல் மறுபடி பொசுபொசுவென்று கழுத்தில் விழ ஆரம்பித்திருந்தது. எங்கள் வீடு மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டைப் பார்த்து இருக்கிறது. சீசன் நேரத்தில் அந்த ரோட்டில் வேன்கள் வரிசையாகப் போகும். அதில் ஒன்று எனக்காகவே வேகத்தைக் குறைத்தது. தலையில் துண்டு போட்ட ஒரு கூட்டம் ஜன்னல் வழியாக என்னை வேடிக்கை பார்த்தது. ஒரு பெண் போனை எடுத்துப் படம் பிடித்தாள். அருவியைப் படம் பிடிக்க வந்தவளுக்கு, ஏணியில் தொங்கும் அறுபது வயதுக் கிழவி கூடுதல் லாபம்.

ஏணியின் உயரத்திலிருந்து பார்த்தால் ரோடு குற்றாலப் பக்கம் வெகுதூரம் தெரியும். அங்கிருந்து இரண்டு ஆட்கள் நடந்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் இடுப்பில் துண்டு மட்டும். உடம்பெல்லாம் எண்ணெய். ஒருவர் முன்னால், இன்னொருவர் இருபது அடி பின்னால்.

முன்னால் வந்தவர் என் வீட்டுக்காரர். பின்னால் வந்தவர் அவருடைய தம்பி, கோமதியின் புருஷன் சங்கரன். இந்த இரண்டு பேரும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவர்கள் வந்து சேருவதற்குள் உங்களிடம் சொல்லவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. முட்டு பூட்டிக்கொண்டவளுக்கு வேறு என்ன வேலை?

ஒரு வீடு, இரண்டு கதவு

என் மாமனார் கட்டிய வீடு. அவர் போனபிறகு அண்ணனும் தம்பியும் சண்டை சச்சரவு இல்லாமல் வீட்டை நடுவில் பிரித்துக்கொண்டார்கள். பட்டாசாலைக் கூடத்துக்கு நடுவில் ஒரு சுவர் எழுந்தது. வாசல் கதவு ஒன்று இரண்டானது. பின்பக்கம் துணி துவைக்கிற கல் மட்டும் பொதுவில் நின்றது. முகப்பு அப்படியே ஒரே முகப்பாக இருந்தது. ரோட்டில் போகிறவர்களுக்கு அது இரண்டு வீடு என்று தெரியாது.

இவர், அதாவது என் வீட்டுக்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். கொழுந்தனார் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு இடத்திலும் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், சல்யூட் அடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 'தப்பு என்மேலதான்' என்று சொல்ல மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வருஷா வருஷம் சித்திரையில் கொழுந்தனார் எங்கள் வாசலில் வந்து நின்று கேட்பார்.

"அண்ணே, முகப்புக்குப் பெயிண்ட் அடிச்சிருவமா? பாசி புடிச்சுக் கெடக்கு."

"சீசன் முடியட்டும்லே" என்பார் இவர்.

மேற்குப் பார்த்த வீடு. சாரல் நேராக முகப்பில்தான் அடிக்கும். சாரல் காலத்தில் வெளிச்சுவருக்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை, அது நியாயம்தான். ஆனால் சீசன் முடிந்தால் ஐப்பசி மழை வந்துவிடும். மழை விட்டால் மார்கழிப் பனி. தை பிறந்தால் விசேஷ வீடுகள். மாசியில் இவருக்கு இடுப்பு வலி. அப்புறம் சித்திரை வரும், கொழுந்தனார் மறுபடி வாசலில் வந்து நிற்பார். இப்படி ஏழெட்டு வருஷம் ஓடியது. முகப்பில் பாசி கறுத்து, எங்கள் வீட்டை அடையாளம் சொல்கிறவர்கள் 'அந்தக் கறுத்த வீடு' என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நாங்கள் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினோம். ஆட்டோவை விட்டு இறங்கினால், வீட்டில் பாதி பச்சை. கிளிப்பச்சை. நட்ட நடுவில் தூக்குக்குண்டு விட்டுப் பிடித்ததுபோல் ஒரு நேர்கோடு. கோட்டுக்கு வலதுபக்கம் பளபளவென்று பச்சை, இடதுபக்கம் எங்கள் கறுப்புப் பாசி.

இவர் பெட்டியைக் கீழேகூட வைக்கவில்லை.

"ஏலே சங்கரா, தனி வீடு வேணும்னா கேட்டிருக்கலாம்லா? நடுவுல கோடு போட்டு ஊருக்குக் காட்டணுமா?"

கொழுந்தனாரும் சும்மா இருக்கவில்லை.

"உங்க சீசன் முடியட்டும்னு காத்துக் கெடந்தா, இந்த வீட்டுலேருந்து என் பாடைதான் கெளம்பும்!"

தெருவே நின்று கேட்டது. அதோடு சரி. பேச்சு நின்றது.

நடுவில் நிற்பவள்

பேசாமல் இருப்பவர்களுக்கு அலுப்பே கிடையாது. அலுப்பெல்லாம் அவர்களுக்கு நடுவில் நிற்பவர்களுக்குத்தான்.

தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்றால் நான் கோமதியிடம் சொல்லவேண்டும், கோமதி அவள் புருஷனிடம் சொல்லவேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்று ஒரே மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'வால்வு போயிட்டுன்னு சொல்லு' என்பார் இவர். கேட்கவேண்டியவர் நாலடி தூரத்தில் நிற்பார். நான் திரும்பி, 'வால்வு போயிட்டாம்' என்பேன். ஆலங்குளம் அலுவலகத்தில் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குக் கோப்பு நகர்த்தியே எனக்கு முப்பது வருஷம் போனது. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தும் அதே உத்தியோகம்.

நானும் கோமதியும் துவைக்கிற கல்லில் பேசிக்கொள்வோம். முதல் வருஷம், 'இன்னைக்கிப் பேசிருவாக, நாளைக்கிப் பேசிருவாக' என்று பேசினோம். இரண்டாம் வருஷம் திட்டினோம். மூன்றாம் வருஷம் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். துணியை அலசிப் பிழிந்துகொண்டு வந்துவிடுவோம்.

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் சீசனுக்குக் குளிக்க வந்தால் முதலில் ரோட்டில் நின்று அந்தக் கோட்டைப் பார்ப்பார்கள். பிறகு உள்ளே வந்து, காப்பியைக் குடித்துக்கொண்டே, 'என்ன மதினி, இன்னும் சரியாகலையா?' என்பார்கள். எனக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது.

டாக்டர் சொன்னது

இந்த வருஷம் சித்திரை கடைசியில் இவருக்கு நெஞ்சுவலி வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று நாள் உள்ளே இருந்தார்.

அந்த மூன்று நாளும் கொழுந்தனார் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் இருந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. கோமதிதான் சொன்னாள். "பாடைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாகல்லா அக்கா. அதுதான் உள்ள வர மொகமில்ல."

நான் அதை இவரிடம் சொன்னேன். கட்டிலில் படுத்தபடியே மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கடையில டீ நல்லாயிருக்கும்" என்றார். எனக்குக் கையில் இருந்த ஆரஞ்சுப் பழத்தை அவர் தலையில் போடலாமா என்று இருந்தது.

டாக்டர் சொன்னது இதுதான். பாரம் தூக்கக்கூடாது, ஏணி ஏறக்கூடாது, கோபப்படக்கூடாது. இவர் வீட்டுக்கு வந்து வாரம் மூன்றுகூட ஆகவில்லை, ஏணியை எடுத்துத் துடைக்கிறார்.

"நம்ம பாதிக்குப் பெயிண்ட் அடிக்கப் போறேன்."

"சாரல் விழ ஆரம்பிச்சாச்சு. எந்தப் பெயிண்டரும் வரமாட்டான்."

"பெயிண்டர் எதுக்கு? பட்டாளத்துல நான் அடிக்காத சுவரா?"

"சீசன் முடியட்டுமே. நீங்க சொல்லுத சொல்லுதானே?"

துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு இன்னொரு சீசன் இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? கறுத்த வீட்டுலேருந்து போகமாட்டேன் நான்."

அதற்குமேல் நான் வாதாடவில்லை. என் பயமும் அதேதான். ஆனால் எனக்குச் சுவர் கறுத்துக் கிடப்பது பெரிதாகத் தெரியவில்லை. இவருக்கு ஏதாவது ஆவதற்கு முன்னால் தம்பியோடு ஒரு வார்த்தை பேசிவிடவேண்டும். பேசாமல் ஒருவர் போய்விட்டால், இன்னொருவர் மிச்சக் காலத்தை அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்து தள்ளுவார்? அதைப் பக்கத்தில் இருந்து பார்க்க என்னால் முடியாது. என் கவலை அது ஒன்றுதான்.

ஏணியில் இவர் ஏறுவதில்லை, நான்தான் ஏறுவேன் என்று ஒப்பந்தமானது. சாரல் விடுகிற இடைவெளியில் வேலை. இவர் கீழே எட்டுகிற உயரத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நான் மேலே தேய்த்தேன். கோமதி, அவள் புருஷன் மார்க்கெட்டுக்குப் போகிற நேரம் பார்த்து வந்து ஏணி பிடித்தாள். பாசி பொடிப் பொடியாக எங்கள் தலையில் விழுந்தது. பட்டி பார்த்தோம், வெள்ளை ப்ரைமர் அடித்தோம். பத்து நாளில் என் வலது தோள் என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. ராத்திரி சோற்றை இடது கையால் எடுத்துச் சாப்பிடலாமா என்றுகூட யோசித்தேன்.

சனிக்கிழமை எண்ணெய்

அண்ணனும் தம்பியும் விடாத பழக்கம் ஒன்று உண்டு. சீசன் சனிக்கிழமைகளில் குற்றாலத்துக்குப் போய் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருக்கிற பழக்கம். தேய்த்துவிடுகிறவரும் முப்பது வருஷமாக ஒரே ஆள்தான். சண்டை வந்தபிறகு யாராவது ஒருவர் நேரத்தை மாற்றியிருக்கலாம், இல்லை ஆளை மாற்றியிருக்கலாம். நான் ஏன் மாற்றவேண்டும் என்று இரண்டு பேருமே மாற்றவில்லை. ஒரே நேரத்துக்குப் போவார்கள், வேறு வேறு கல்லில் உட்காருவார்கள். ஒருவருக்குத் தேய்த்துவிட்டு அதே கையோடு அவர் மற்றவருக்குத் தேய்ப்பார்.

அருவியில் சோப்பு, சீயக்காய்க்கு அனுமதி கிடையாது. எண்ணெய் பாதி அருவியில் போகும், மீதி வீட்டில் வந்து சீயக்காய் போட்டால்தான் போகும். அதனால் சனிக்கிழமை காலையில் என் வீட்டில் ஒரு கிண்ணத்தில் சீயக்காய் ஊறும், கோமதி வீட்டில் ஒரு கிண்ணத்தில் ஊறும்.

நான் சொல்லிக்கொண்டிருக்கும் அந்தச் சனிக்கிழமை, இரண்டு பேரும் உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து ஊறவைத்துவிட்டு எழுந்த நேரம் பார்த்து மலையில் மழை வலுத்துவிட்டது. அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்ட ஆரம்பிக்க, போலீஸ்காரர்கள் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றிவிட்டார்கள். குளிக்கத் தடை. நானும் டிபார்ட்மென்ட்தான் என்று கொழுந்தனார் சொல்லிப் பார்த்தாராம். எண்ணெயோடு நிற்கிறவனெல்லாம் டிபார்ட்மென்ட் என்கிறான் என்று பதில் வந்ததாம்.

பஸ்ஸில் ஏறப்போனால் கண்டக்டர் விடவில்லை. "அண்ணாச்சி, சீட்டெல்லாம் எண்ணெயாயிரும், எறங்கிருங்க." ஆட்டோக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். எண்ணெய் உடம்பில் சட்டையும் போடமுடியாது. வேறு வழியில்லாமல், துணி மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்தார்கள். முக்கால் மணி நேர நடை. ஒரு வார்த்தை பேசவில்லை.

இதுதான் நான் ஏணியிலிருந்து பார்த்த ஊர்வலம்.

வழுக்குதுண்ணே

அன்றைக்கு நான் மேல்பூச்சு அடித்துக்கொண்டிருந்தது கோட்டுக்குப் பக்கத்தில். எங்கள் சந்தனக் கலர் அவர்கள் பச்சையில் ஒரு சொட்டு பட்டாலும் பஞ்சாயத்து என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். ஏணியின் ஒரு கால் எங்கள் பக்கம், ஒரு கால் அவர்கள் பக்கம்.

இவர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். "ஏட்டி வள்ளி, என்னாச்சு?" என்று ஓடி வந்தார். ஓடக்கூடாத மனுஷன். குற்றாலப் பக்கமிருந்து வந்தால் முதலில் பச்சைப் பாதிதான். அந்தப் பக்க ஏணிக்காலைப் பிடித்து, பச்சைச் சுவரில் முதுகைச் சாய்த்து முட்டுக்கொடுத்தார். கோமதி என் காலைப் பிடித்து இறக்குவதற்காக இரண்டு படி மேலே ஏறினாள். இரண்டு பேர் பாரம் தாங்காமல், ஈரச் சிமெண்டில் ஏணியின் இன்னொரு கால் சறுக்க ஆரம்பித்தது.

"ஏலே, பிடிலே அந்தக் கால!"

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு மேலிருந்து புரிய ஒரு நிமிஷம் ஆனது. கொழுந்தனார் மூட்டையை ரோட்டில் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து எங்கள் பக்கக் காலைப் பிடித்தார்.

"வழுக்குதுண்ணே! கையெல்லாம் எண்ணெய்!"

"சுவத்துல ஒரு கையக் குடுத்துப் பிடிலே! விட்டா மதினி ஒன் தலையிலதான் விழுவா!"

கோமதி என் பாதத்தைக் கையால் தூக்கி, ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தாள். ஐந்து படி இறங்க எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. தரையில் கால் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நாலு பேருக்கும் மூச்சு வாங்கியது. இவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். கொழுந்தனார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பேசிவிடுவார்கள், இப்போது பேசிவிடுவார்கள் என்று நான் தரையில் உட்கார்ந்தபடி இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"முட்டுக்கு ஒத்தடம் குடுங்க மதினி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு கொழுந்தனார் அவர் கதவுக்குள் போனார். இவர் எங்கள் கதவுக்குள் போனார். இரண்டு கதவும் சாத்திக்கொண்டன.

எனக்கு அழுகை வந்தது. கோமதி கேட்டதற்கு முட்டு வலி என்றேன்.

ஒட்டாத இடம்

திங்கட்கிழமை வெயில் எட்டிப் பார்த்தது. மீதி மேல்பூச்சை இவரே கீழிருந்து அடித்தார். மறுநாள் காலையில் பார்த்தால், கோட்டுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில், ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் ஒட்டாமல் விலகிச் சுருண்டிருந்தது. சாரல் பட்டிருக்கும் என்று மறுபடி அடித்தார். மறுபடி சுருண்டது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மூன்றாவது தடவை அடித்தார். அதுவும் நிற்கவில்லை.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு தென்காசியில் பெயிண்ட் வாங்கிய கடைக்கே போய்விட்டார்.

"அண்ணாச்சி, மத்த எடத்துலல்லாம் ஒட்டுதுல்லா? பெறவு பெயிண்ட எப்பிடிக் கொற சொல்லுதிய?" என்றாராம் கடைக்காரர். நியாயமான கேள்வி. கோபப்படக்கூடாத மனுஷன் முகமெல்லாம் சிவந்து திரும்பி வந்தார்.

அன்று மத்தியானம் கோமதி வந்தாள். கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தாள்.

"அக்கா, இது கை."

நாங்கள் பக்கத்தில் நின்று தேய்த்துக்கொண்டே இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டடி தள்ளி நின்றதும் தெரிந்தது. விரித்து வைத்த ஓர் உள்ளங்கை. நாலு விரல் முழுசு, நடுவிரல் மட்டும் குட்டை. சின்ன வயதில் பம்புசெட் பெல்ட்டில் கையைக் கொடுத்து நடுவிரல் நுனியை இழந்தவர் கொழுந்தனார். அன்றைக்கு அவரைத் தோளில் போட்டுக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினவர் இவர்.

இவர் பிரஷைக் கீழே வைத்தார்.

"சங்கரன் கை" என்றார்.

மூன்று வருஷத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அப்போதுதான்.

"எங்க பக்கம் வந்து பாருங்க அத்தான்" என்றாள் கோமதி. பச்சைச் சுவரில் அகலமாக ஒரு கறை. ரோட்டுப் புழுதியெல்லாம் அப்பி, இரண்டு தோள்பட்டையோடு ஒரு முதுகு. "நாலு நாளா இப்பிடியே கெடக்கு. தொடைக்கப் போனா, இருக்கட்டும்ட்டிங்காக. தொடைக்கவும் மாட்டேங்காக, தொடைக்க விடவும் மாட்டேங்காக."

இவர் போய்ப் படியில் உட்கார்ந்தார். அங்கேயே உட்கார்ந்துகொண்டு தம்பியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விட்டால் இருட்டும்வரை இருந்திருப்பார். எனக்கு அலுத்துவிட்டது. கையைப் பார்த்து உருகவும், முதுகைத் துடைக்காமல் வைத்துக்கொள்ளவும் தெரிகிறது. நாலடி நடந்து போய்ப் பேசத் தெரியவில்லை. சுவரில் இருக்கிற கைக்கு மாலையா போடமுடியும்?

"கோமு, உங்க வீட்டுச் சீயக்காய் இருக்கா?"

"சனிக்கிழம ஊறவச்சதுல மிச்சம் கெட்டுப்போச்சு. பொடி இருக்கு அக்கா."

"கொண்டா. எண்ணெய்க்கு வேற மருந்து கெடயாது."

சுவருக்குச் சீயக்காய்

வெந்நீரில் சீயக்காயைக் கரைத்து, தேங்காய் நாரை வைத்து நானும் கோமதியும் தேய்த்தோம். எங்கள் பக்கம் கை போனது. கையோடு சேர்ந்து, காய்ந்தும் காயாமலும் இருந்த எங்கள் சந்தனக் கலரும் வழிந்தது. பரவாயில்லை என்று தேய்த்தேன். பிறகு கோட்டைத் தாண்டி முதுகுக்குப் போனோம்.

கோமதி நாலு தேய் தேய்த்திருப்பாள். பச்சையாகத் தண்ணீர் வழிந்தது. இன்னும் நாலு தேய்த்தால் அடியில் பழைய சுண்ணாம்பு தெரிகிறது. பத்து மழைக்கும் அசையாது என்று சொல்லி அடித்துக்கொடுத்த பெயிண்ட், மூன்று சீசன் சாரலுக்கு எப்படியோ நின்றது, நாரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்ததும் போய்விட்டது. யாரோ காண்டிராக்டர் சாயத்தைத் தண்ணீரில் கரைத்துத் தலையில் கட்டியிருக்கிறார். படியெல்லாம் கிளிப்பச்சை ஓடியது.

சத்தம் கேட்டுக் கொழுந்தனார் வெளியே வந்தார். சுவரைப் பார்த்தார், படியைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

இவர் வாயை எனக்குத் தெரியும். 'இதுக்குத்தான் அவசரப்பட்டியோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னும் முப்பது வருஷத்துக்கு இந்தச் சுவர் நிற்கும். இவர் எழுந்து வந்தார். பச்சைத் தண்ணீரில் கால் வைத்து நின்றார். வாயைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏலே, பாத்துக்கிட்டே நிக்கியே. ஹோஸ எடுத்துட்டு வா. காயுததுக்குள்ள கழுவி விடணும்லா."

கொழுந்தனார் படியில் வழிந்த பச்சையைக் காலால் ஒதுக்கினார். பிறகு, "எந்த ஹோஸுண்ணே, நீளமானதா?" என்றார்.

"நீளமானதுதான்."

அவ்வளவுதான் சமாதானம். மன்னிப்பும் இல்லை, கட்டிப்பிடிப்பும் இல்லை. நானும் கோமதியும் தேங்காய் நாரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சீயக்காய்த் தண்ணீர் தெறித்துவிட்டதாம்.

பாதி கழுவிய பச்சையை அப்படியே விடமுடியாதே. அடுத்த மூன்று நாள் அவர்கள் பக்கம் முழுவதையும் தேய்த்து ப்ரைமர் அடித்தோம். கொழுந்தனார் ஏணியில், இவர் கீழே ஏணி பிடித்துக்கொண்டு, ஓயாமல் குறை சொல்லிக்கொண்டு. "அங்கன விட்டுட்டே பாரு." "விடல, வாரேன்." "எப்ப வருத, தைக்கா?" முகப்பு முழுக்க ஒரே கலர் என்று முடிவானதால், எங்கள் பாதியிலும் சந்தனத்தின் மேல் மறுபடி ப்ரைமர் ஓட்டினோம். நாலு பேருக்கும் வயது கூட்டினால் இருநூற்று நாற்பதைத் தாண்டும். எங்கள் வேலையின் அழகை ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். இருந்தாலும் ஒரு சாயங்காலம் முகப்பு முழுவதும் வெள்ளையாக நின்றது. கோடு எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தேன், சரியாகச் சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரியே கலர் சண்டை தொடங்கியது. இவருக்குச் சந்தனம். அவருக்கு இன்னமும் பச்சை. பெங்களூரிலிருந்து மகன் போனில் சாம்பல் கலரில் ஒரு வீட்டுப் படம் அனுப்பினான். அது வேண்டாம் என்பதில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒற்றுமை. மூன்று வருஷம் பேசாததையெல்லாம் சேர்த்துவைத்துப் பேசினார்கள். எனக்குத் தலை வலித்தது. பேசாமல் இருந்தபோது வலித்த அதே இடம்.

மறுநாள் சாரல் வலுத்தது. எதிரில் மலை தெரியவில்லை. இவர் வாசலில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்றைக்கே ஆரம்பிக்கவேண்டும், எந்தக் கலரானாலும் சரி என்று ஒற்றைக் காலில் நின்றார். கொழுந்தனார் முகப்பை அண்ணாந்து பார்த்தார். கையை நீட்டிச் சாரலைப் பார்த்தார்.

"சீசன் முடியட்டும்ணே" என்றார்.

கோமதி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். சொன்னபிறகுதான் கொழுந்தனாருக்கே உறைத்திருக்கவேண்டும், நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றார்.

இவர் அந்த நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு மூடியை எடுத்து டப்பாமேல் வைத்தார். சுத்தியலைக் கேட்டு வாங்கி, சுற்றிலும் ஒவ்வோர் இடமாகத் தட்டித் தட்டி மூடினார்.

"சரிலே. முடியட்டும்."

டப்பாவைத் தம்பியே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, தை வரைக்கும் கெடாம இருக்குமா?"

"இருக்கும்" என்றேன். கீழே கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.